கராஜ் விளக்கு

அன்புள்ள உங்களுக்கு,

ரீனோவில் உங்கள் அக்கா நலமா? செவ்வாய்க்கிழமை காற்று பலமாக வீசும், கம்பி அறுந்து தீப்பிடிக்கும் என்று இங்கே கரண்டை நிறுத்திவிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் காட்டுத்தீ. நம் பக்கம் புகை மட்டும்தான்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே ஜெனரேட்டரை வீட்டிலிருந்து இருபதடி தள்ளி வைத்து, காய்ந்த பைன் இலைகளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஓட்டினேன். கிணற்று மோட்டாரும் ஃபிரிட்ஜும் நிற்கவில்லை. கராஜ் விளக்கை மட்டும் நீங்கள் அதோடு சேர்க்கவில்லை. அது எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளத்தானே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அது எரிந்தது. நான் ஜெனரேட்டரை நிறுத்தவில்லை.

பக்கத்து வீட்டு வெர்னா வேலியோரம் வந்தாள். "கரண்ட் வந்து ரெண்டு மணி நேரமாச்சு. இன்னும் எதுக்குடி அதைக் கதறவிடுற?"

"சரியா ஓடுதான்னு பார்க்கறேன்."

"மூணு நாளா ஓடினது பத்தாதா? அந்தச் சத்தம் இருந்தா, உன் வீட்டுக்காரர் பின்னாடி எதையோ குடைஞ்சிட்டிருக்கற மாதிரி இருக்கோ?"

நாலு மணிக்குப் பெட்ரோல் தீர்ந்து அது தானாக நின்றது.

இந்த வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று வசந்தத்தில் நீங்கள் சொன்னீர்கள். நான் கத்தினேன், நீங்கள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினீர்கள். அதைப் பற்றி இப்போது பேசலாம். நான் கத்த மாட்டேன்.

கராஜ் விளக்கை இன்னும் அணைக்கவில்லை. பகலிலும் எரிகிறது.

இப்படிக்கு,
ஜெனரேட்டரை ஓட்டத் தெரிந்த உங்கள் மனைவி