மூன்றாவது படியில் வைத்த தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

‘அன்புள்ள’ என்பதை எழுதி, அடித்து, திரும்ப எழுதியிருக்கிறேன். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் உன் படத்தோடு போட, நினைவாக நாலு வரி கேட்டார்கள். என் பேத்தி நித்யாவுக்கு மலையாளம்தான் எழுத வரும். அதனால் மூன்றாம் வகுப்போடு நீ நிறுத்திய நானே எழுதுகிறேன். நாலு வரியில் முடியாது.

மச்சுக்கு ஏறினேன், அம்மா. கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிட்டங்கியை ஒட்டி அப்பாவின் முதலாளி நமக்குக் கொடுத்த அதே வீட்டு மச்சு. ஆறு வயதிலிருந்து நான் ஏறாத படி.

எனக்கு மறதி கிடையாது, உனக்கே தெரியும். சரசு அக்காவுக்கு அப்போது பதினாலு. பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், அக்கா இல்லை. “பொள்ளாச்சிப் பெரியம்மா கூட்டிட்டுப் போயிட்டா” என்றாய். அதே வாரம் நம் மச்சில் பேய் வந்தது. இருமுகிற பேய்.

“மேல ஏறினா புடிச்சுக்கும். தெனம் சோறு வெச்சா சும்மா இருக்கும்டி” என்றாய். அந்த வேலையை என் தலையிலேயே கட்டினாய். உச்சி வேளையில் மூன்றாவது படியில் ஈயத்தட்டை வைக்க வேண்டும், மேலே பார்க்கக் கூடாது, இரண்டு தரம் கைதட்டிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும். நான் கைதட்டியதோடு நிற்கவில்லை. “தின்னுட்டுச் செத்துப் போ, பேயே!” என்று தினமும் கத்தினேன். நீ அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஒருநாளாவது என் வாயைப் பொத்தினாயா?

ஒருநாள் காலித் தட்டில் சாக்கு நூலில் செய்த பொம்மை ஒன்று கிடந்தது. அலறிக்கொண்டு உன்னிடம் ஓடி வந்தேன். நீ வாங்கி அடுப்பில் போட்டாய்.

அப்புறம் ஒரு காலையில், “பேய் போயிடுச்சு. இனி தட்டு வெக்க வேண்டாம்” என்றாய். நான் முற்றத்தில் குதித்துக் குதித்து ஆடினேன். வெல்லம் கேட்டேன். கொடுத்தாய். எந்த மனசோடு கொடுத்தாய் அம்மா அதை?

கொஞ்ச நாள் கழித்து, பெரியம்மா வீட்டில் அக்கா அம்மை வந்து செத்துவிட்டாள் என்று சொன்னாய். அன்றிலிருந்து பெரியம்மா எனக்கு ஆகாதவள் ஆனாள். என் கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த பட்டுச்சேலையைச் சபை நடுவில் அவள் மடியிலேயே வீசினேன். “எங்க அக்காவைக் கொன்ன கையால எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தாள். நீ குனிந்து என் மாலையைச் சரிசெய்தாய். அவள் சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் சாவுக்குக்கூட நான் போகவில்லை. “போகணும்னா போ, உன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னாயே!

மகன் கல்யாணத்தில் பந்தி மாடியில். படி ஏறப் பயந்து நான் கீழே செருப்புகளுக்குக் காவல் இருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அது போகட்டும். நித்யாவுக்கும் அதே பேயைச் சோற்றோடு ஊட்டி வளர்த்தேன். பத்தொன்பது வயதிலும் அவளால் ஓர் அறையில் தனியாக இருக்க முடியவில்லை. கல்லூரியில் அவள் பார்க்கிற மனநல டாக்டரம்மா, “அந்த மச்சைப் பகல்ல ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வா” என்றாராம்.

“நீங்க வராம நான் ஏற மாட்டேன், பாட்டி.”

“எனக்கு முட்டுவலிடீ.”

“முட்டுவலியா, பேடியா?”

பயந்தாங்கொள்ளி என்று பேத்தி வாயால் கேட்ட பிறகு ஏறாமல் இருக்க முடியுமா? ஏறினேன். மேலே இன்னும் மிளகு வாசனை. ஆடிய பலகை ஒன்றை நித்யா தூக்கினாள். அடியில் உன் பழைய சேலைத் துண்டில் ஒரு மூட்டை. அவிழ்த்தால், எல்லாம் சாக்கு நூல் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் இரட்டைச் சடை, மடித்துக் காதோரம் சிவப்பு நூலால் கட்டியது. பள்ளிக்கூடம் போக அக்கா எனக்குப் பின்னிவிடுகிற சடை.

“பேய்க்கு எதுக்கு பாட்டி பொம்மை?” என்றாள் நித்யா.

மூட்டையை இடுக்கிக்கொண்டு படி இறங்கினேன்.

நேரே அடுத்த வீட்டு ஆயிஷா இத்தாவிடம் போனேன். அந்தக் காலத்திலிருந்து இங்கே மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். கேட்டதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“ஒங்க அக்காவுக்குக் காசம். தெரிஞ்சா மொதலாளி வீட்ட விட்டு எறக்கிருவாரு, ஒங்கப்பா சாக்குத் தூக்குற வேலையும் போயிரும். நீ சின்னப்புள்ள, வெளிய ஒளறிருவே. ஒனக்கும் ஒட்டிக்கும்னு ஒங்கம்மாவுக்குப் பயம். எங்க உம்மாகிட்டயும் சத்தியம் வாங்கிட்டா.”

“எழுவது வயசு வரைக்குமா இத்தா நான் ஒளறுவேன்?”

“சாயா குடி மோளே” என்றார்.

காரணம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆறு வயதில் நான் உளறியிருப்பேன். ஆனால் அப்பா போன பிறகு சொல்லியிருக்கலாம். எனக்குப் பிள்ளை பிறந்தபோது சொல்லியிருக்கலாம். கடைசியாகப் படுத்திருந்த மூன்று மாதமும் உனக்குக் கஞ்சி ஊட்டினேனே, அப்போதாவது? தன்னைச் செத்துப் போகச் சொன்ன பெண்ணுக்குத்தான் அக்கா உட்கார்ந்து பொம்மை செய்திருக்கிறாள். அவள் செய்தது என்று சொல்லி ஒன்றைக்கூட எனக்குக் கொடுக்காமல் போய்விட்டாயே.

நித்யா இப்போது மச்சில்தான் படிக்கிறாள். அடைத்துக் கிடந்த ஜன்னலைத் திறந்துவிட்டாள், கப்பல் சங்கு கேட்கிறது. அவள் லேசாக இருமினாலும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், படி ஏறி.

வருஷா வருஷம் கர்க்கடக வாவுக்கு, நம் ஆடி அமாவாசைக்கு, ஆலுவா ஆற்றங்கரையில் உனக்குப் பிண்டம் வைக்கிறேன். “சரசுவுக்குப் பொள்ளாச்சியிலேயே செய்றாங்க” என்று நீ சொன்னதை நம்பி, அவளுக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. இந்த வருஷம் அவள் பேரைச் சத்தமாகச் சொல்லி முதல் உருண்டையை அவளுக்கு வைப்பேன். கைதட்டிவிட்டு ஓட மாட்டேன், காக்கை வந்து எடுக்கும்வரை நிற்பேன். இது சத்தியம். உனக்கும் உண்டு. அவள் தின்று முடிக்கும்வரை பின்னால் நில்.

இப்படிக்கு,
சரசுவின் தங்கை
கோமதி