அம்மாவின் எலும்புகளை இன்றே தர வேண்டி

அனுப்புநர்:
அர்கிரிஸ் கொந்தாராஸ்,
லிஃப்ட் பழுதுபார்ப்பவர்,
ஐந்தாம் மாடி, படகுத்துறைத் தெரு,
நெராந்த்சா.

பெறுநர்:
துணை மேயர் அவர்கள்,
கல்லறைத்தோட்டப் பிரிவு,
நெராந்த்சா நகராட்சி.

பொருள்: காலஞ்சென்ற என் தாயார் பொலிக்சேனி கொந்தாராவின் எலும்புகளை வரும் திங்கட்கிழமை பொதுக்குழியில் சேர்க்காமல் என்னிடம் ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாயார் மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகி, தங்கள் நிர்வாகத்தில் உள்ள தோட்டத்தில், சைப்ரஸ் மரவரிசையின் கடைசியில் அடக்கம் செய்யப்பட்டார். நம் ஊரில் இறந்தவருக்கும் வாடகை இடம்தான். மூன்று ஆண்டு முடிந்ததும் உறவினர் வந்து நிற்க, மண்ணைத் தோண்டி, எலும்புகளை மதுவால் கழுவி, பேழையில் வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் வராவிட்டால் எலும்புகள் மூட்டையில் கட்டப்பட்டு ஒரு மாதம் காத்திருக்கும். பிறகு பொதுக்குழி. இந்த விதி தங்களுக்குத் தெரியாததல்ல. அதை அறிந்தே நான் தவறினேன் என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

2. எனக்குக் கவனக்குறைவுக் கோளாறு இருப்பதாக இந்த ஆண்டு வசந்தத்தில் மருத்துவர் உறுதி செய்தார். வயது நாற்பத்தாறு. அதுவரை எனக்கு இருந்த பெயர்கள் வேறு: சோம்பேறி, அசட்டை, காற்றில் போகிறவன். சான்று கொடுக்குமுன் மருத்துவர், என் சிறுவயதைப் பற்றிச் சொல்லக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இந்த ஊரில் அப்படி இருந்த ஒரே ஆள் தங்கள் தோட்டத்தில் இருந்தார்.

3. அந்த ஆள் என்னை எப்படி நடத்திவந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தனியே குடிபோன பிறகு, சாகும் வாரம் வரை, தினமும் காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைப்பார். நலம் விசாரிக்கமாட்டார். கேட்பது இவ்வளவுதான்: "டேய் அர்கிரி, கேஸை அணைச்சியா? சாவி எங்க? இருக்குன்னு சொல்லாத, தொட்டுப் பாத்துச் சொல்லு." நான் சட்டைப்பையைத் தொடுவேன். பாதி நாள் சாவி இருக்காது. அவர் திட்டமாட்டார், தேடி முடியும் வரை அழைப்பிலேயே இருப்பார். வளர்ந்த மகனுக்கு இது வெட்கம் என்று அப்போது நினைத்தேன். பலமுறை எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது ஏழு மணிக்கு என் சமையலறை மிகவும் அமைதியாக இருக்கிறது.

4. அவர் போனபின் என்னை நானே ஓட்டப் பழகினேன். சாவியை இடுப்பு வாரில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறேன். அடுப்பு மூட்டினால் மணியடிக்கும் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். சுவரெங்கும் மஞ்சள் சீட்டுகள் ஒட்டினேன், ஆனால் ஒரு வாரத்தில் சீட்டும் சுவராகிவிடுகிறது, கண் அதைப் பார்ப்பதில்லை. காலையில் மாத்திரை. அது வேலை செய்யும் நேரத்துக்குள் கடிதம், வங்கி, தங்கள் அலுவலகம் போன்றவற்றை முடித்துக்கொள்ள வேண்டும். தொழிலில் மட்டும் எனக்குக் குறை சொன்னவர் கிடையாது. லிஃப்டுக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டால் என் மனம் அங்கேயே உட்கார்ந்துவிடும், வேறெதுவும் காதில் விழாது. அந்த வரமே இந்த வினையாயிற்று.

5. தோண்டும் நாள் மறக்கவில்லை, ஐயா. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விடிவதற்கு முன்பே எழுந்து கறுப்புக் கோட்டு அணிந்தேன். பேழையை எடுத்துக்கொண்டு இறங்கி, கீழ்வாசல் வரை வந்தபின் மதுப்புட்டியை மேசையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. அம்மாவுக்குப் பிடித்த கறுப்பு இனிப்பு மது. வேறொன்றால் கழுவ மனமில்லை. திரும்பிப் படியில் மேலே ஏறும்போது, எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மூன்றாம் மாடி எவ்லம்பியா அம்மையார். எண்பது வயது. என் காலடி கேட்டதும் என் பெயரைச் சொல்லி அழைத்தார்.

6. அவரை வெளியே கொண்டுவந்ததற்காக நான் வருந்தவில்லை. அதன்பிறகு நடந்ததற்கே வருந்துகிறேன். அவர் வெளியே வந்ததும் நான் புறப்பட்டிருக்கலாம், நேரம் இருந்தது. ஆனால் பிரேக்கின் தேய்மானம் கண்ணில் பட்டுவிட்டது. அதைக் கழற்றினேன். கழற்றியதைச் சரிசெய்தேன். நினைவூட்டும் மணிகள் பலவற்றைத் தொலைபேசியில் வைத்திருந்தேன். அவை எல்லாம் ஒழுங்காகவே அடித்தனவாம், எவ்லம்பியா அம்மையார் வீட்டு நாற்காலியில் நான் கழற்றிப் போட்டிருந்த கோட்டுக்குள். நான் கற்ற உபாயங்கள் அனைத்தும் அன்று ஏட்டுச் சுரைக்காயாயின. நான் தலைநிமிர்ந்தபோது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் படியேறி வந்துகொண்டிருந்தார்கள்.

7. தோட்டத்துக்கு ஓடினேன். குழி மூடப்பட்டு, மண் தட்டப்பட்டிருந்தது. தோண்டும் பணியாளர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. யாரும் வராததால் தண்ணீரில் கழுவி மூட்டை கட்டிவிட்டதாகவும், மூட்டை கிடங்கின் தட்டில் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னார். அம்மா தனியாக வெளியே வந்திருக்கிறார். அவரை வரவேற்க ஒருவரும் நிற்கவில்லை.

8. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் அக்கா அரெத்தியிடம் அன்று மாலையே சொன்னேன். "உன்னை நம்பி அம்மாவை அங்க விட்டுட்டு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள். எலும்புகளைப் பெற அவளுடைய ஒப்புதலும் வேண்டும் என்பது தெரியாமல் முதல் முறை விண்ணப்பித்து, திருப்பி அனுப்பப்பட்டேன். கோபத்தோடுதான், ஆனாலும் மறுநாளே கையொப்பமிட்டு அனுப்பிவைத்தாள். இரண்டாம் முறை எல்லாம் சரியாக இருந்தது. தங்கள் அலுவலகம் எனக்கு ஒரு தேதி கொடுத்தது.

9. தவறிவிடக்கூடாதே என்ற பயத்தில் ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றேன். நாளைக்கு வரச் சொன்னார்கள். விதி அப்படி என்றால் சரி, நான் குறை கூறவில்லை. வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை, புறப்படுமுன், பேழையின் மூடியில் அம்மாவின் பெயர் சற்றுக் கோணலாகப் பொறிக்கப்பட்டிருந்தது கண்ணில் பட்டது. பட்டறைக்கு எடுத்துப்போய் அதை ராவி, மெருகேற்றி, முதலிலிருந்து எழுத்தெழுத்தாகப் பொறித்தேன். மிக அழகாக வந்தது. முடித்தபோது அந்த நாள் போயிருந்தது. அம்மாவுக்கான பெட்டியில் மூழ்கியே அம்மாவைத் தவறவிட்டேன். இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். நான் மட்டும் நம்புகிறேன், ஏனென்றால் நாற்பத்தாறு வருடமாக என்னோடு வாழ்கிறேன்.

10. அதற்கடுத்த நாள் வந்தபோது சாளரத்தில் இருந்த தங்கள் ஊழியர் கேட்டார்: "ஏங்க, பெத்த தாய் மேல பாசம் இருக்கிறவனுக்குத் தேதி மறக்குமா?" வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தேதி தவறிவிட்டதால் இனித் தாங்கள் கையொப்பமிட்டால்தான் முடியும் என்றும் அவர் சொன்னார். ஊழியர் மீது நடவடிக்கை ஏதும் நான் கோரவில்லை. அதே கேள்வியை நான் என்னிடமே கேட்டுக் கேட்டுத் தேய்ந்திருக்கிறேன். ஆனால் ஒன்றைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர வேண்டியது என் கடமை. பாசத்துக்கும் தேதிக்கும் மற்றவர்கள் தலைக்குள் ஒரு வழி இருக்கிறது. எனக்கு அந்த வழி வெட்டப்படவில்லை. பாசம் குறைந்ததால் அல்ல. இந்த விளக்கம் நான் தப்பித்துக்கொள்வதற்காக அல்ல, என் தாயார் பாசமற்ற பிள்ளையைப் பெற்றவர் என்ற பழியோடு குழிக்குள் போகக்கூடாது என்பதற்காக.

11. ஒரு மாதக் கெடு நேற்றோடு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை குழி திறக்கப்படும் என்று அறிகிறேன். அதில் விழுந்த எலும்பை எவராலும் பிரித்தெடுக்க முடியாது. சனி, ஞாயிறு தங்கள் அலுவலகம் விடுமுறை. எனவே இன்றைய தினம்தான் எஞ்சியிருக்கிறது.

12. ஆகவே ஐயா, என் கோரிக்கை ஒன்றே. மனுதாரர்கள் வழக்கமாகத் தேதி கேட்டு வருவார்கள். எனக்குத் தயவுசெய்து தேதி கொடுக்க வேண்டாம். நாளை வா என்றோ, மாலை வா என்றோ, சாப்பிட்டுவிட்டு வா என்றோ சொல்ல வேண்டாம். இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தின் எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து எழுதி, உள்ளே கொடுத்தனுப்புகிறேன். இங்கிருந்து எழுந்து வீட்டுக்குப் போனால் வழியில் ஏதோ ஒன்று என்னைப் பிடித்துக்கொள்ளும். அதனால் எழுந்திருக்கப் போவதில்லை. தாங்கள் கையொப்பமிட்டுக் கிடங்கின் சாவியைப் பணியாளரிடம் கொடுத்தால் போதும், நான் பின்னாலேயே நடந்து வருவேன்.

பேழை என் மடியில் இருக்கிறது. மதுப்புட்டி, வெள்ளைத் துணி, அக்காவின் ஒப்புதல், என் அடையாள அட்டை, அனைத்தும் இருக்கின்றன. இருக்கின்றன என்று சும்மா சொல்லவில்லை, ஐயா. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

இடம்: கல்லறைத்தோட்ட அலுவலக வாசல், நெராந்த்சா.
நாள்: வெள்ளிக்கிழமை (வாசலில் உள்ள நாட்காட்டியைப் பார்த்து எழுதியது).

தங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அர்கிரிஸ் கொந்தாராஸ்
(பொலிக்சேனியின் மகன்)