பேசாதவர் கையில் ஒரு கேமரா

அய்யா துணை

அஞ்சுகிராமம்,
20-1-2008

சிரஞ்சீவி சிவபிரசாத்துக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். லீவுக்கு வந்த சிஜினிடம் நீ கொடுத்துவிட்ட கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. உன் அம்மா போனில் இதைச் சொல்லியிருப்பாள். இருந்தாலும் பொருளைக் கையில் வாங்கியவன் ஒரு வரி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். வேறு ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருஷம் நீ எங்களிடம் சொல்லாமல் கொள்ளாமல் ரெஜிஸ்டர் ஆபீஸில் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொண்ட சேதி எனக்கு டீக்கடையில் வைத்துத்தான் தெரியவந்தது. அன்று சாயங்காலம் நம் நிழல்தாங்கலில், அய்யாவாக வைத்துக் கும்பிடும் கண்ணாடிக்கு முன்னால் நின்று, இனி இவனோடு வாய்திறந்து பேசமாட்டேன் என்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அன்றிருந்த கோபத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இனி கேமரா விஷயம். இதை நான் கேட்டேனா? வாழைமண்டியை, அங்கே கூட இருந்த ஐயப்பனிடம் ஒப்படைத்த பிறகு எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை, உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் நடக்கிறேன் என்று உன் அம்மா உன்னிடம் புலம்பியிருப்பாள். கிழவனுக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்து உட்காரவைக்கலாம் என்று நீ நினைத்திருப்பாய். உட்காரவில்லை. முன்பாவது சும்மா நடந்தேன், இப்போது இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். சாமான் நல்ல சாமான். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் ஆமை தலையை நீட்டுவதுபோலக் கண்ணாடி வெளியே வருகிறது. முதல்நாள் அதை நீட்டவும் உள்ளே இழுக்கவும் வைத்தே ஒரு மணி நேரம் போய்விட்டது. கோழியை எடுத்தேன், வால் மட்டும் விழுந்தது. உன் அம்மாவை எடுத்தேன், தலை விழவில்லை. அவள் கோபித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

முகம் எங்கே என்று இது தானே கண்டுபிடித்துத் திரையில் பச்சைக் கட்டம் போடுகிறதே, அது எப்படி? உன் அம்மாவைச் சமாதானப்படுத்திப் பட்டாசாலையில் நிறுத்தினேன். அவள் முகத்தில் ஒரு கட்டம் விழுந்தது. பின்னால் சுவரில் இன்னொரு கட்டம். நீ காலேஜ் முடித்தபோது எடுத்த படம் அங்கேதானே மாட்டியிருக்கிறது. எத்தனை தடவை வைத்தாலும் அந்தக் கட்டமும் விழுகிறது. கடைசியில் உன் அம்மாவை வேறு சுவருக்கு நகர்த்தித்தான் எடுத்தேன். உன் படத்தைக் கழற்றலாம் என்றால் ஆணி துருப்பிடித்து இறுகிவிட்டது.

படம் பதிய உள்ளே போடுவதற்கு என்று சிஜின் இரண்டு கார்டு தந்தான். நிறைந்ததை உனக்கு அனுப்பிவிட்டு மற்றதைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். நிறைந்ததை இந்தத் தாளில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

சுயம்பு

*

மனாமா,
4-2-2008

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. ஏ.சி. ரிப்பேருக்காக ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனியில் உடன் வேலை செய்பவன் போன் செய்து, ஊரிலிருந்து கடிதம் என்றான். அதற்குப் பிறகு எந்தத் திருகாணியை எங்கே போட்டேன் என்றே தெரியவில்லை.

கார்டை கம்ப்யூட்டரில் போட்டு நானும் ஷைஜாவும் பார்த்தோம். கோழிவால் நிறைய இருக்கிறது. அம்மாவைச் சுவர் மாற்றி எடுத்த படம் நன்றாக விழுந்திருக்கிறது. ஷைஜா அதைத்தான் திரையில் வைத்திருக்கிறாள்.

பொத்தானைப் பாதி அமுக்கிச் சற்று நிறுத்தி, பிறகு முழுவதும் அமுக்குங்கள். மேலே சின்னச் சக்கரம் இருக்கிறதல்லவா, அதில் பூ போட்ட இடத்தில் வைத்தால் கிட்டத்தில் இருப்பது தெளிவாக விழும். அதற்கு அடுத்தது சினிமா கேமரா போட்ட இடம். அங்கே மட்டும் திருப்பவேண்டாம். சத்தத்தோடு சினிமாவாகப் பதியும், கார்டு சீக்கிரம் நிறைந்துவிடும்.

அப்பா, ஷைஜா முழுகாமல் இருக்கிறாள். அம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் அம்மாவுக்குப் போன் செய்யும்போதெல்லாம் பக்கத்தில் நீங்கள் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கிறது. ஏப்ரல் கடைசியில் அவளை ஊருக்குக் கூட்டிவருகிறேன். தலைப்பிரசவம் அவள் வீட்டில், நெய்யூரில். அவள் அப்பா ராஜையன் சாரும் அம்மா சத்தியபாயும் முதலில் முறுக்கிக்கொண்டார்கள், இப்போது சரியாகிவிட்டார்கள்.

நான் கேட்கவேண்டியது ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரில் ஏறியதும் எங்கே விடச் சொல்லட்டும்? நேராக நெய்யூருக்கா, முதலில் நம் வீட்டுக்கா? அவள் இதுவரை நம் வாசலை மிதித்ததில்லை. கேட்டிலிருந்தே திரும்பிப் போகும்படி ஆகிவிட்டால், அந்த நிலையில் அவள் தாங்கமாட்டாள். நானும் தாங்கமாட்டேன்.

ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகன்,
சிவபிரசாத்

*

அய்யா துணை

அஞ்சுகிராமம்,
14-3-2008

சிரஞ்சீவி சிவபிரசாத்துக்கு,

உன் கடிதமும் கார்டும் கிடைத்தன. பாதி அமுக்கும் வித்தை பிடிபட்டுவிட்டது. பூ போட்ட இடத்தில் வைத்து வாழைப்பூவின் மடலுக்குள் எறும்பு தேன் குடிப்பதை எடுத்தேன். எறும்பின் மீசை தெரிகிறது. இத்தனை வருஷம் வாழையோடு கிடந்தவன், இதை நான் பார்த்ததில்லை. ஐயப்பனிடம் காட்டினேன். அவன் ஏத்தன் குலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தான், எறும்பைப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

வட்டக்கோட்டைக்குக் காலையில் போனேன். அதே நாள் சாயங்காலம் மறுபடியும் போனேன், வெளிச்சம் வேறாக இருக்குமே. கோட்டைச் சுவரில் ஏறி நின்றால் காற்று வேட்டியைப் பிடுங்குகிறது, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எடுக்கவேண்டும். சுற்றுலா வந்த ஒரு வடநாட்டுக் குடும்பம் என் கழுத்தில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, தொழில்காரன் என்று நினைத்துத் தங்கள் கேமராவையும் நீட்டினார்கள். நானும் விடவில்லை. அம்மா இந்தப் பக்கம், மருமகள் நடுவில், தாடையைத் தூக்கு என்று தமிழிலேயே அதட்டினேன். எல்லாரும் சொன்னபடி நின்றார்கள். நம் வீட்டில்தான் என் சொல்லுக்கு மதிப்பில்லை.

தாங்கலில் விளக்கேற்றப் போனபோது கண்ணாடியை ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். எடுத்திருக்கக்கூடாது. தலைப்பாகையோடு நான் நிற்பது விழுந்திருக்கிறது, ஆனால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் கேமராவின் வெளிச்சம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. சத்தியம் செய்த இடத்தில் ஆள் இருக்கிறான், முகத்தைக் காணோம். உன் அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து விளக்குத்திரி திரிக்கப் போனாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அழிக்கவும் மனம் வரவில்லை, கார்டில் இருக்கிறது, பார்.

மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைக்கும் போய்வந்தேன். கூட்டம் சொல்லி மாளாது. கடற்கரையில் எடுத்ததெல்லாம் நன்றாக விழுந்தது. திரும்பி வர நேரமாகிவிட்டது, பஸ் கிடைக்கவில்லை.

நீ கேட்டிருந்ததைப் படித்தேன். இப்போது அதைப்பற்றி எழுத நேரமில்லை. வெயில் சாய்வதற்குள் குளத்தங்கரைக்குப் போகவேண்டும்.

சுயம்பு

*

மனாமா,
28-3-2008

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேற்றிலிருந்து வீட்டுக்கும் கடற்கரைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தோம். மண்டைக்காட்டுக் கடற்கரை முடிந்ததும் ஒரு பச்சை கேட், பக்கத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள். நான் அடுத்த படத்துக்குத் தள்ளப் போனேன். ஷைஜா என் கையைப் பிடித்தாள். "இது எங்க வீட்டு கேட்டுல்லா" என்றாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். நெய்யூருக்குப் போனதைப்பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

கடைசியில் இன்னொன்று இருக்கிறது. நான் வேண்டாம் என்று சொன்ன சினிமா கேமரா இடத்துக்குச் சக்கரம் திரும்பியிருக்கிறது. அம்மா செந்துளுவன் வாழைக்குலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் சத்தம் கேட்கிறது. ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். என்ன பேசினீர்கள் என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம், எழுதுகிறேன்.

"ஏட்டி வடிவு, அசையாம நில்லு. குலையும் நீயும் ஒண்ணா விழணும்."

"எவ்வளவு நேரம் நிக்கது? கை கடுக்கு."

"பொறு. இன்னும் டிக்குன்னு சத்தம் வரல்ல." படம் ஒரு எட்டு பின்னால் நகர்கிறது. பிறகு, "அந்தப் பிள்ளைக்கு வாந்தி நின்னுட்டா? சோறு எறங்குதா?"

"அத அவன்ட்ட கேளுங்க. போன்ல எல்லாம் சொல்லுவான்."

"நான் எப்பிடிக் கேப்பேன்? வாயக் கெட்டிப் போட்டுட்டுல்லா நிக்கேன்."

அம்மா குலையை இறக்கி வைத்துவிட்டுப் போகிறாள். நீங்கள் நிறுத்தவில்லை. கேமராவைக் கையில் தொங்கவிட்டபடி முற்றத்தில் நடக்கிறீர்கள். உங்கள் செருப்பும் மண்ணும் மட்டும் தெரிகிறது. மாட்டுத்தொழுவம் வரை போகிறீர்கள், திரும்புகிறீர்கள், மறுபடியும் போகிறீர்கள். கார்டு நிறையும்வரை அதுதான். நடுவில் ஒருதடவை நின்று, "கார எங்க விடணும்னு கேக்கான். எங்கிட்ட கேக்கான்" என்கிறீர்கள். அதற்கப்புறம் செருமல். அப்புறம் செருப்பு.

அப்பா, அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்வதா, வேறு எதுவோ என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை. ஷைஜா திரும்பத்திரும்பப் போட்டுப் பார்க்கிறாள். மாமா காலுக்கு அந்தச் செருப்பு தேய்ந்துபோயிருக்கிறது, ஒன்று வாங்கவேண்டும் என்கிறாள். அளவு தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

டிக்கெட் போட்டுவிட்டேன். ஏப்ரல் 27-ஆம் தேதி காலையில் திருவனந்தபுரம் வந்து இறங்குகிறோம். பதில் வராவிட்டால் நெய்யூருக்கே போய்விடுகிறோம். அதற்குப் பிறகு இதை உங்களிடம் கேட்கமாட்டேன்.

சிவபிரசாத்

*

அய்யா துணை

அஞ்சுகிராமம்,
8-4-2008

மருமகள் ஷைஜாவுக்கு மாமா சுயம்பு எழுதுவது.

சுகமாக இருக்கிறாயா? வேளாவேளைக்குச் சாப்பிடு. பேசமாட்டேன் என்று நான் சொன்னது உன் புருஷனோடுதான். உன்னோடு பேசமாட்டேன் என்று எந்தக் கண்ணாடிக்கு முன்னாலும் நான் சொன்னதில்லை. இதுவும் எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. அதனால் கடிதம் உனக்கு. அவன் பக்கத்தில் இருந்து படித்தால் படிக்கட்டும்.

சக்கரம் தானாகத் திரும்பிவிட்டது என்று அவனிடம் சொல். உன்னிடம் எதற்குப் பொய், நான்தான் தெரியாமல் திருப்பியிருக்கிறேன். கேட் விஷயத்தையும் உன்னிடம் மறைக்கவில்லை. மண்டைக்காட்டிலிருந்து வரும்போது நெய்யூரில் இறங்கி, விசாரித்துக்கொண்டு உங்கள் வீடு வரை வந்தேன். உன் அப்பா உள்ளே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட வாய் வரவில்லை. ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவரிடம் இதைச் சொல்லவேண்டாம், நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். பிரசவம் உன் வீட்டில்தான் நடக்கவேண்டும், அதுதான் முறை. நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

மேற்கு அறையில் வாழைச்சாக்கு கிடந்ததை எடுத்துவிட்டு வெள்ளையடித்தாயிற்று. உன் அத்தை ஒரு வாரமாக எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கிறாள். இப்போது இந்த வீட்டில் உட்காராத ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லை.

செருப்புக்கு அளவு ஒன்பது. வாரில்லாதது வேண்டாம், வழுக்கும்.

இத்துடன் கார்டு ஒட்டியிருக்கிறது. அதில் படம் எதுவும் இல்லை. ஒரே ஒரு சினிமா. இந்தத் தடவை சக்கரத்தைத் தெரிந்துதான் திருப்பினேன். அஞ்சுகிராமம் பஸ் ஸ்டாண்டில் தொடங்கி நம் வீட்டு வாசல் வரை, ஐயப்பன் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து எடுத்தது. படம் கொஞ்சம் ஆடும். டீக்கடை தாண்டினதும் ஒரு பள்ளம் வரும், அங்கே ரொம்ப ஆடும். வரும்போது அந்த இடத்தில் காரை மெதுவாக விடச்சொல். எங்கெங்கே திரும்பவேண்டும் என்று நானே சொல்லிக்கொண்டு வருகிறேன், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள். கடைசியில் கேட் திறந்திருப்பது தெரியும். ஐயப்பன் மூட மறந்தது என்று நினைக்காதே, நான்தான் திறந்து போடச் சொன்னேன்.

வாசலில் கேமராவோடு நிற்பேன். உன் புருஷனைப் பார்த்ததும் என் வாய் என்ன செய்யும் என்று எனக்கே தெரியாது. நீ வந்து நில், கட்டம் உன் முகத்தில் விழட்டும்.

இந்த சினிமா எதற்கு என்று சிவபிரசாத் கேட்பான். அவன் பிறந்து வளர்ந்த ஊர், வழி அவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியாதே. அன்றைக்கு அவன் பேசாமல் உட்கார்ந்து வரட்டும். டிரைவரிடம் வழியை நீ சொல்.

மாமா,
சுயம்பு