அந்தோனியாருக்கு இரண்டு கட்சிக்காரிகள்

மே 26, செவ்வாய்

தங்கச்சி ரொஷேல் நைரோபியிலிருந்து லீவில் வந்து இறங்கினாள். பன்னிரண்டு வருடமாக ஆபிரிக்காவில் சட்டத்தரணி. ஒரு நாட்டுச் சரக்கு, கோப்பியோ தேயிலையோ, இன்னொரு நாட்டுத் துறைமுகத்தில் சிக்கினால் வழக்காடுவது இவள்தான். எட்டாம் வகுப்போடு கொட்டாஞ்சேனையில் அப்பம் சுடப் போனவள் நான், அதற்குமேல் விளங்காது.

"அப்ப கோப்பி மூட்டைக்கு லோயர்?" என்றேன்.

"ஓம். மூட்டை உங்களமாதிரி வாய் காட்டாது."

மே 29

ரொஷேலை அவள் வேலைசெய்யும் நைரோபிச் சட்டக் கந்தோரில் பங்காளியாகச் சேர்க்க யோசிக்கிறார்களாம். சேர்ந்தால் இனி அங்கேயேதான். இங்கே கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியும் கூப்பிடுகிறது, உள்ளே இருந்து ஒப்பந்தம் திருத்தும் வேலைக்கு.

"எனக்கென்ன, உன்ர விருப்பம்" என்றேன். பொய். பச்சைப் பொய்.

ஜூன் 2, செவ்வாய்

கொச்சிக்கடைக் கோயிலில் ஆக நீளமான மெழுகுதிரியை ஏற்றினேன். அந்தோனியாரே, இவளைக் கொழும்பிலேயே நிப்பாட்டும், ஒரு மாதம் ஒருத்தரையும் நக்கலடிக்கமாட்டேன். இதைவிடப் பெரிய நேர்த்தி என்னிடம் இல்லை.

திரும்பினால் ரொஷேல், கையில் மெழுகுதிரி!

"நீங்க என்னத்துக்கு?"

"முழங்கால் வலி."

"முழங்காலுக்கு இவ்வளவு பெரிய திரியா?"

பிடித்துவிட்டாள். அவள் வந்தது நைரோபி சரிவரட்டும் என்று.

"ரெண்டு கட்சிக்கும் ஒரே லோயர் நிக்க ஏலாதக்கா. பிறகு வந்த ஆளைத் திருப்பி அனுப்புறதுதான் எங்கட கந்தோர் வழக்கம்."

"ஆர் பிறகு?"

"நான் போன டிசம்பர் நத்தாருக்கே கேட்டுட்டன்."

ஜூன் 5

அவளோடு கதைக்கவில்லை. இரண்டு மணித்தியாலம். அதற்குமேல் என்னால் முடியாது.

ஜூன் 7

பின்னேரம் அவள் அப்பம் சாப்பிடும்போது மொம்பாசாவிலிருந்து போன். சின்னத் தோட்டக்காரர்களின் கோப்பியைத் துறைமுகத்தில் தடுத்து வைத்திருக்கிறார்களாம், மழையில் நனைகிறதாம். எழும்பினாள். ஒரு கையில் அப்பத்துண்டு, மற்றதில் போன். குசினிக்குள் நடந்து நடந்து இங்கிலீசில் ஒரு பிடி பிடித்தாள் — குரலே வேறு. அடுப்பில் அப்பம் கருகியது தெரியாமல் நின்றேன்.

"மூட்டைய விடுறாங்கள்" என்று உட்கார்ந்து, சம்பல் கேட்டாள்.

இந்த வாயையா எவனோ எழுதியதைத் திருத்தச் சொல்லிக் கோட்டையில் பூட்டிவைக்கக் கேட்டனான்? சீ. நானும் ஒரு அக்காவா?

ஜூன் 9, செவ்வாய்

கொச்சிக்கடை. அந்தோனியாரே, என் வழக்கு வாபஸ். அவள் பக்கமே நில்லும். நக்கல் நேர்த்தியும் செல்லாது, சரியா?

அவளுக்குச் சொல்லவில்லை.

ஜூன் 21

திரும்பிப் போன ரொஷேல் நைரோபியிலிருந்து போன் எடுத்தாள். கந்தோர் வாசல் பலகையில் அவள் பெயரும் ஏறிவிட்டதாம்.

"மூட்டையெல்லாம் கைதட்டினதோ?"

சிரித்தாள்.

"முழங்கால் எப்பிடியக்கா?"

"வலிக்குது" என்றேன். "நடப்பன்."