ராணிக்குப் பக்கத்தில் இருப்பவர் பெயர்

சாம்பியன் ரீப்ஸ்
சனிக்கிழமை காலை

அன்பு மகன் மனோகருக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் லதாவும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நான், அப்பா, வாணி மூவரும் உடம்பளவில் சுகம், அதற்கு மேல் நலம் என்று எழுத மனசு கூசுகிறது. கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய், சொல்வது நான், எழுதுவது வாணி. கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணுக்கு நான்தான் உட்காரவைத்துத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தேன், அதனால் பிழை இருந்தால் என் தலையில் போடு. என் கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தப்பை எந்தக் கை எழுதியதோ அந்தக் கையே இதையும் எழுதட்டும் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக எங்கள் யார் போனையும் லதா எடுப்பதில்லை, நீயும் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அவள் கோபம் நியாயம். அதனால்தான் நந்திதுர்க் லைன் ஃப்ரெடி லீவு முடிந்து நாளை மஸ்கட் திரும்புகிறான் என்று கேள்விப்பட்டதும் காகிதமாக எழுதி அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். போன் என்றால் வைத்துவிடலாம், காகிதத்தை என்றைக்காவது ஒருநாள் பிரிக்கத்தான் வேண்டும். இதை லதாவுக்கு நீ படித்துக் காட்டு, பாதியை விழுங்காதே. அப்பா வழக்கம்போல் விடியற்காலை ரயிலுக்கு ஓடுகிறார், பெங்களூரில் வேலையை முடித்துவிட்டுத் திரும்புவதற்குள் விளக்கு வைக்கும் நேரமாகிவிடுகிறது, ஆனால் இந்த வாரம் சம்பந்தி வீட்டு வழியாக ஸ்டேஷனுக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறார். உன் அப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை, இவளைப் பெற்றதைத் தவிர. இனி நடந்ததை வாணியே சொல்லட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்ணா, நான் வாணி. அண்ணி, நீங்களும் கேளுங்கள். போன மாதம் வார்டு ஆபீஸிலிருந்து எங்கள் காலேஜுக்கு வந்து, வார்டு முழுக்க வீடு வீடாகப் போய் விவரம் எடுக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன பாஷை, என்ன வேலை, எத்தனை பேர் பெங்களூர் போய் வருகிறார்கள், எத்தனை பேர் வெளிநாடு, குழாய் உண்டா, கூரை என்ன, எல்லாம் கேட்டுக் கன்னடப் படிவத்தில் எழுத வேண்டும். எனக்கும் என்னோடு படிக்கிற லவினாவுக்கும் சேர்த்து, சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய நம் லைன் வீடுகள் எண்பது. முதல் பத்து வீடு ஒழுங்காகத்தான் எழுதினேன். அப்புறம் போரடித்தது, ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுத ஆரம்பித்தேன். குடிநீர் என்ற இடத்தில் குடி தினமும், நீர் வாரம் ஒரு முறை என்று எழுதினேன். கூரை ஓடு என்றால் பக்கத்தில் தொழிலும் ஓடு, ஆறு மணி ரயிலுக்கு ஓடு என்று எழுதினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து படித்துக் காட்டினால் அம்மா கரண்டியோடு நின்று சிரிப்பார். இதை எழுதட்டுமா என்று இப்போது கேட்டேன், எழுது, நானும்தான் சிரித்தேன் என்கிறார்.

அண்ணி, உங்கள் அம்மா வீட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா பின்னால் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார், பார்வதம்மா அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அத்தை மாமா பெயரைச் சொல்லவே மாட்டார் என்பது நமக்கெல்லாம் தெரியும். அன்றைக்கு எப்படியாவது சொல்லவைக்கிறேன் பார் என்று லவினாவிடம் ஒரு பானி பூரிக்குப் பந்தயம் கட்டியிருந்தேன். பெயர் தெரிந்துகொண்டே, முகத்தை ஆபீஸர் மாதிரி வைத்துக்கொண்டு, குடும்பத் தலைவர் பெயரை வீட்டில் இருப்பவர் வாயால் சொன்னால்தான் எழுத வேண்டும், ரூல்ஸ் என்று சொன்னேன். அத்தை வெட்கப்பட்டு, இன்னாடி இது புதுசா ரூல்சு, உனுக்குத் தெரியாதா என்றார். தெரியாது என்றேன். சரி, சீட்டுக்கட்டுல ராணிக்குப் பக்கத்துல ஒருத்தன் கீறான் இல்ல, அவன் முன்னாடி, உங்க நைனாவ நீ எப்படிக் கூப்புடுவியோ அது பின்னாடி, சேத்துக்கோ என்றார். ராஜா என்ற சொல்லைக்கூட வாயில் வைக்கவில்லை. நான் விடாமல், ஜோக்கர் நைனாவா அத்தை என்றேன். லவினா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தையும் சிரித்தார், அடி செருப்பால என்று கீரைக் காம்பை என்மேல் எறிந்தார். பந்தயத்தில் தோற்றுவிட்டேன். அந்தக் கடுப்போடு அடுத்த கட்டத்துக்கு வந்தேன். தற்போதைய நிலை என்ற கட்டம். அதில் வேலை, படிப்பு, ஓய்வு, இறப்பு என்ற நாலில் ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மாமா இப்போ என்ன பண்றார் அத்தை என்று கேட்டேன். தங்கம் எடுத்த மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் வந்துடுச்சா என்று அவர் தூக்கத்தில் கேட்பது உங்களுக்குத்தான் தெரியுமே அண்ணி. அதை நினைத்துத்தான் அத்தை, அவுருக்கு இன்னா, இன்னும் அண்டர்கிரவுண்டுலதான் கீறாரு என்றார். ஓய்வு என்று எழுத வேண்டிய இடத்தில் நான் அந்தச் சொல்லையே இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். நம் ஊரில் யார் படித்தாலும் சிரிப்பார்கள். ஆனால் படிவங்கள் கம்ப்யூட்டரில் ஏற்ற வேறு ஊருக்குப் போகும் என்று நான் யோசிக்கவில்லை. சுரங்கத்தையே பார்க்காத யாரோ ஒருவர், அறுபத்தெட்டு வயது, மண்ணுக்கடியில் என்று படித்துவிட்டு, சரியாகத்தான் புரிந்துகொண்டார். ஓய்வுக்கு அடுத்த நாலாவது சொல்லைப் போட்டுவிட்டார்.

போன சனிக்கிழமை சமுதாயக் கூடத்தில் வார்டுக் கூட்டம். நம் வார்டில் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு, பூட்டியே கிடப்பது தொண்ணூறு, பாதி வீட்டிலிருந்து யாராவது ஒருவர் ரயிலேறுகிறார் என்று ஒரு மேடம் கன்னடத்தில் வாசித்தார். கணக்கெடுத்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம், கைதட்டினார்கள். பிறகு, கணவரை இழந்து குடும்பம் நடத்தும் பெண்கள் தையல் மெஷினுக்கு மனு வாங்கிக்கொள்ளலாம் என்று பெயர்களை வாசித்தார். சத்தத்தில் அத்தைக்கு அது காதில் விழவில்லை, புதுக் குழாய் கொடுக்கிற லிஸ்ட் என்று நினைத்துக்கொண்டார். பார்வதம்மா என்று கூப்பிட்டதும் தலை நிறையப் பூவும் பெரிய பொட்டுமாக எழுந்து சிரித்துக்கொண்டே மேடைக்குப் போனார். இரண்டாவது வரிசையிலிருந்து மாமா எழுந்து, மேடம், நான் இங்கதான் கீறேன் என்றார். கூடமே சிரித்தது. முதலில் சிரித்தது நான். அத்தை ஒன்றும் புரியாமல் மேடையில் நின்று எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் யாரோ இது என்ன லிஸ்ட் என்று தமிழில் சொன்னார்கள். அத்தையின் கை தாலிக்குப் போனது. மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேடம் படிவத்தை எடுத்துப் பார்த்து, இப்படி யார் சொன்னது என்று கேட்டார். அதற்கு அத்தை, நான்தாம்மா சொன்னேன், என் வாயாலதான் சொன்னேன் என்றார். அண்ணி, அப்போது நான் நாலடி தூரத்தில் இருந்தேன். இல்லை மேடம், எழுதக்கூடாத சொல் என்று தெரிந்தும் விளையாட்டுக்கு எழுதியது நான் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எப்போதும் என் வாய்தான் எனக்கு முன்னால் ஓடும் என்று எல்லோரும் திட்டுவீர்கள், அன்றைக்கு அது எழுந்திருக்கவே இல்லை. சொந்த வாயாலேயே சொல்லிக்கிட்டாளே என்று பெண்கள் பேசிக்கொண்டே கலைந்தார்கள். அதற்குள் யாரோ சுவரில் ஒட்டிய லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, அது மஸ்கட் வரை போய், அப்பா போய்விட்டார், எனக்கு யாருமே சொல்லவில்லை என்று நீங்கள் அலறிக்கொண்டு போன் பண்ணினீர்களாம், மாமாவே எடுத்து, நான்தாம்மா பேசுறேன் என்று சொன்னாராம். அதுவும் பெற்றவள் வாயால் வந்தது என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய். இதை மட்டுமாவது நம்புங்கள்.

புதன்கிழமைதான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அதற்குப் பதில் பழைய கதையைச் சொன்னார். மைன்ஸுக்குள் பாறை வெடித்துச் சரியும்போதெல்லாம் ஆபத்துச் சங்கு ஊதுவார்கள், லைனில் இருக்கிற பெண்கள் எல்லாம் ஷாஃப்ட் குழி வாசலில் போய் நின்று, மேலே வருகிற கேஜில் யார் யார் முகம் இருக்கிறது என்று எண்ணுவார்களாம். பார்வதம்மா அத்தை அப்படி இரண்டு தடவை நின்றிருக்கிறார், இரண்டு தடவையும் மாமா கடைசிக் கேஜில்தான் மேலே வந்தாராம். அப்படி மேலே வந்த மனுஷனை நீ ஒரு பென்சிலால் கீழே அனுப்பிட்டியேடி என்றார் அம்மா. பென்சில் இல்லை, பேனா என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

திருத்துவதற்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதற்குப் பிறகு லிஸ்ட் மேலே போய்விடும், உங்கள் வீட்டுப் பத்திரத்துக்கு எழுதிப்போட்ட மனுவிலும் மாமா பெயர் அடிபட்டுப்போகும் என்றார்கள். மாமாவோ, நான் உசுரோட கீறேன்னு நான் போயி ஏன் சொல்லணும், எவன் எழுதினானோ அவன் வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டாராம். அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் புதுப் படிவத்தோடு நானும் அம்மாவும் போனோம். வாசல்படியிலேயே நின்று, அத்தை, நீங்க சொன்னதால இல்ல, நான் எழுதினதால ஆச்சு, அன்னிக்கு வாயைத் திறக்காம இருந்தேன் என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அத்தை பாயைத் தட்டிப் போட்டார். உக்காரு, மொதல்ல இருந்து கேளு என்றார். எத்தனை பேர், என்ன பாஷை, என்ன கூரை, எல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நேராக உட்கார்ந்து பதில் சொன்னார். குடும்பத் தலைவர் பெயர் என்ற இடத்தில் நான் கேட்காமலே எழுதப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். கேளுடி, அதானே உன் ரூல்சு என்றார். கேட்டேன். ராஜப்பா என்றார். உரக்கச் சொன்னார். ராஜப்பா, உசுரோட கீறாரு, எய்து என்றார். பின்கட்டிலிருந்து மாமா, இன்னா, யார்ரா கூப்டது என்று ஈரக்கையோடு வந்து நின்றார். அவர் பெயரை அந்தக் குரலில் அவர் கேட்டதே இல்லை அண்ணி. யாரோ வந்திருக்கிறார்கள் என்று வாசலை எட்டிப் பார்த்தார். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒரு பானி பூரிக்குக் கேட்டதைத்தான் அவர் கொடுத்தார். என்னால் அடுத்த கட்டம் எழுத முடியவில்லை, மாமாவே படிவத்தை வாங்கி ஓய்வு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மனோகர், இனி நான் அம்மா. அவள் எழுதியதில் கூட்டியது இல்லை, குறைத்தது இல்லை. வெள்ளிக்கிழமை காலை அவளும் நானும் வார்டு ஆபீஸுக்குப் போய், தப்பு என்னுடையது என்று அவள் தனியாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, படிவம் சேர்ந்ததற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தோம். திருத்திய லிஸ்ட் திங்கட்கிழமை சுவரில் ஒட்டுவார்களாம். அதைப் போட்டோ எடுத்து முதலில் லதாவுக்கு வாணியே அனுப்புவாள். நேற்றிலிருந்து லைனில் வீடு வீடாகப் போய், அன்றைக்கு அத்தை தப்பாகச் சொல்லவில்லை, நான்தான் தப்பாக எழுதினேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறாள், இருபத்தைந்து வீடு ஆயிற்று, இன்னும் ஐம்பத்தைந்து வீடு இருக்கிறது. சில வீட்டில் சிரிக்கிறார்கள், சில வீட்டில் கதவையே சாத்துகிறார்கள், போகட்டும், போய் வரட்டும். ஆனால் ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்திருந்தும் அந்த அம்மா காபி சாப்பிடுகிறாயா என்று என்னைக் கேட்கவில்லை. லதாவைப் பெண் கேட்கப் போன நாளில்கூட ஏலக்காய் போட்டுக் கொடுத்த கை அது. கேட்காதது சரிதான். கேட்டிருந்தால் எனக்குத் தொண்டையில் இறங்கியிருக்காது. படிவம் வாசித்துக் காட்டிய ஒவ்வொரு சாயங்காலமும் நான் சிரிக்காமல் இருந்திருந்தால் இவள் லதாவின் வீட்டு வாசல்வரை அந்தப் பேனாவைக் கொண்டுபோயிருக்க மாட்டாள். அதனால் லதாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பில் பாதி என்னுடையது. எங்களிடம் பேசு என்று அவளை வற்புறுத்தாதே, அது அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. அவள் அம்மாவுக்கு மட்டும் இன்றைக்கே போன் போடச் சொல், உன் வாயால் ஒன்றும் நடக்கவில்லை அம்மா என்று மகள் சொன்னால்தான் அந்த மனசு ஆறும், நாங்கள் எத்தனை சொன்னாலும் ஆறாது.

வெயிலில் வேலை, தண்ணீர் நிறையக் குடி, லதாவுக்கு இருமல் என்றாயே, ஏசி காற்றுக்கு நேராகப் படுக்கவிடாதே. ஃப்ரெடியிடம் கொஞ்சம் புளியும் வடகமும் கொடுத்திருக்கிறேன், வடகம் லதாவுக்கு, பிடிக்காவிட்டாலும் வைத்திருக்கட்டும். நம் வீட்டுப் படிவத்தில் உங்கள் இருவரையும் வெளியில் வசிப்போர் என்ற கட்டத்தில் வாணி போட்டிருக்கிறாள், அது மட்டும் அவள் முதல் தடவையே சரியாக எழுதியது, பார்த்தபோது எனக்கு அதுவும் வலித்தது. இருவரும் நூறு வருஷம் சேர்ந்து இருக்க வேண்டும், ஒருவர் பெயரை ஒருவர் தாராளமாகக் கூப்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டும்.

விவரம் சொன்னவர்: உன் அம்மா புஷ்பவல்லி
விவரம் எழுதியவர்: வாணி
மேலே எழுதியது அனைத்தும் உண்மை. இந்த முறை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.