வெள்ளை கூடிப்போன முகம்

கருப்பழகி என்று நான் கேலி பண்ணிய என் கோவிந்தம்மா அக்காவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முப்பது வருஷமாக ஆயில் பெயின்டில் படம் வரைகிறவன், சுவரில் தொங்குகிற ஒரு படத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நாலு நாளாகக் கறுப்புக் கண்ணாடிக்குள் ஒளிந்திருந்தேன் என்றால் நீ சிரிப்பாய். அந்தப் படம் உன்னுடையது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ இருக்கும்போதே என் கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. நான்தான் யாரிடமும் மூச்சு விடவில்லை. புரை என்றால் மங்கலாகத் தெரியும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அது நிறத்தைத் தின்னும் என்று எனக்குத் தெரியாது. மெல்ல மெல்ல, டீத்தண்ணி வழியாகப் பார்ப்பது போல எல்லாம் பழுப்பாகிக்கொண்டே வந்தது. தினம் பார்க்கிறவனுக்கு அது பழகிப்போய்விடுகிறது.

வெள்ளை டியூப் மஞ்சளாக இருக்கிறதென்று பெயின்ட் கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். "பழைய சரக்கை என் தலையில கட்டாதீங்க" என்றேன். அவர் என் முன்னாலேயே புது டியூப்பைத் திறந்து பிதுக்கிக் காட்டினார். "பால் மாதிரி கீது சார், இன்னா சொல்றீங்க நீங்க?" என்றார். நான் நம்பவில்லை. பாவம் அந்த மனிதர், இன்னும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

கடைசியில் உன் மகள் செல்விதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். போன வாரம் வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது. இடது கண் அடுத்த மாதம். மேஜைமேல் படுத்திருந்தபோது ஒரே நினைப்புதான். கண் போய்விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும், சொல்லு.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். அக்கா, உலகத்தில் இவ்வளவு நீலம் இருந்ததா? பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தால், தெருக்குழாயடியில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்கள் கண்ணைப் பறித்தன. ஷேர் ஆட்டோவின் மஞ்சள், பூக்காரியின் கூடையில் கனகாம்பரம். தள்ளுவண்டியில் கத்திரிக்காய் குவிந்திருந்தது. ஒவ்வொரு காயின் தோளிலும் சின்னதாக ஒரு துண்டு வானம் விழுந்து கிடந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"கத்திரிக்காய இன்னாத்துக்கு மாமா இப்டி மொறச்சிக்கினு இருக்கீங்க? வாங்க, பஸ்சு போயிடும்" என்றாள் செல்வி.

சொட்டு மருந்து போட ஆள் வேண்டும் என்று கச்சிராயபாளையத்துக்கு, தன் வீட்டுக்கே என்னைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. துணிமணி எடுக்க வழியில் என் மாடி அறைக்குப் போனோம். அங்கேதான் அந்தச் சந்தோஷம் செத்தது. இந்த இரண்டு வருஷத்தில் நான் வரைந்த வெள்ளிமலைப் படங்கள் மூன்றும் சுவரில் சாய்ந்திருந்தன. மலையெல்லாம் ஊதா. வானம், துணிக்கு அளவு தெரியாமல் சொட்டு நீலம் ஊற்றினதுபோல. யாரோ கிறுக்கன் வரைந்தது மாதிரி இருந்தது அக்கா. பழுப்பாகத் தெரிகிறதே தெரிகிறதே என்று நீலத்தையும் வெள்ளையையும் கொட்டியிருக்கிறேன்.

உடனே உன் ஞாபகம் வந்தது. உன் படத்தையும் இதே கண்ணோடுதானே வரைந்தேன்?

உனக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாள் சந்தைக்கு வந்தவள் மாடியேறி என் அறைக்கு வந்தாய். செத்துப்போன ஒரு பெரியவரின் படத்தை நான் முடித்துக்கொண்டிருந்தேன். வெயிலில் காய்ந்த விவசாயி. "கொஞ்சம் கலரா போடுங்க" என்று அவர் பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் சொல்வதுதான். அப்பா, அம்மா, யார் போனாலும் சுவருக்கு வரும்போது இரண்டு சுற்று வெளுத்துத்தான் வரவேண்டும். நானும் வெளுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீ இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாய். "செத்தவங்களுக்குக் கூடவாடா பவுடர் பூசற?" என்றாய். அப்புறம் சிரிக்காமல் சொன்னாய்: "என்னெ போட்டா என் கலர்லயே போடு. இல்லாங்காட்டி போடாத." நான் உன் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

உன்னுடைய நல்ல கலர் போட்டோ ஒன்றுகூட இல்லை. இருப்பதையெல்லாம் ஸ்டுடியோக்காரர்களே வெளுத்துவிட்டார்கள். அதனால் நீ போன பிறகு, மனசில் இருந்த உன்னைப் பார்த்துத்தான் வரைந்தேன். முகம் சரியாகவே வரவில்லை, மண்ணாகவே தெரிந்தது. இன்னும் வெள்ளை, இன்னும் வெள்ளை என்று சேர்த்துக்கொண்டே போனேன். பெரிய வெள்ளை டியூப் ஒன்று உன் ஒரு முகத்துக்கே தீர்ந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

பொங்கலுக்குச் செல்வி வீட்டு முன்னறையில் மாட்டினோம். அதே அறையில்தான் இப்போது எனக்குக் கட்டில் போட்டாள். உனக்கு முதுகைக் காட்டியே நாலு நாள் உட்கார்ந்து சாப்பிட்டேன். "இன்னா மாமா, அம்மாவோட எதுனா கோவமா?" என்று கேட்டாள். வெளிச்சம் கூசுகிறது என்று புளுகினேன்.

நேற்று காலை அவள் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பினேன்.

ரோஜாப்பூ நிறத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். உன் மூக்குத்தியும் உன் புடவையும் அவளிடம் இருந்தன. வலது கண்ணை மூடி, புரை விழுந்த இடது கண்ணால் பார்த்தேன். அப்பாடா, நீ இருந்தாய், நீயேதான், கழனியிலிருந்து வந்த முகத்தோடு. திரும்ப வலது கண்ணைத் திறந்தால் நீ இல்லை. ஒவ்வொரு கண்ணாக மூடி மாற்றி மாற்றிப் பார்த்தேன். அடுத்த மாதம் இந்த இடது கண்ணையும் சரி பண்ணிவிட்டால் உன்னை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

அதைவிடப் பெரிய பயம் அப்புறம் வந்தது. எனக்குத்தான் புரை. மற்றவர்களுக்குக் கண் நன்றாகத்தானே இருந்தது? பொங்கலன்று வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். "கோவிந்தம்மா இன்னா லட்சணமா கீது, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்றார்கள். சாயலைப் பாராட்டுகிறார்கள் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். செல்வி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் உன் நிறம். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அந்த நிறத்தைச் சொல்லித்தான் எழுந்து போனார்கள். அவளை அன்று சமாதானப்படுத்தியது நான்தான். அந்தப் பெண் இந்தப் படத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்?

கேட்கப் பயந்தேன். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. மருந்து போட வந்தவளிடம், "செல்வி, அம்மா படத்துல நெறம் தப்பா கீதேம்மா" என்றேன்.

"மாட்டன அன்னிக்கே தெரியும் மாமா."

"ஏம்மா சொல்லல?"

அவள் மருந்துப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நீங்க வேணும்னே போட்டீங்கன்னு நெனச்சேன். மாமாவுக்கும் எங்க கலரு புடிக்கல போலன்னு நெனச்சிக்கினேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது அக்கா. புரையைச் சொன்னேன், வெள்ளை டியூப்பைச் சொன்னேன், சத்தியத்தைச் சொன்னேன். "அழாதீங்க, மருந்து போயிடும்" என்று அதட்டி, என் முகத்தை நிமிர்த்திப் பிடித்தாள். ஜன்னல் வெயிலில் அவள் முன்னங்கை என் புதுக் கண்ணுக்கு நேராக வந்தது.

அங்கே இருந்தது உன் நிறம். கருப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதில் எத்தனை இருக்கிறது தெரியுமா? மணிக்கட்டில் செம்பு, முழங்கையில் ஈரமண், மேல்பக்கத்தில் வெயில் வழுக்குகிற இடத்தில் லேசாக நீலம். என் பெட்டியில் இருக்கிற எந்த ஒரு டியூப்பிலும் அது கிடையாது.

டாக்டர் அனுமதித்ததும் உன் முகத்தின்மேல் திரும்ப வரையப்போகிறேன். முதல் தீற்றலிலேயே சாயல் போய்விட்டால்? இடது கண்ணில் மிஞ்சியிருக்கிற உன்னையும் தொலைத்துவிட்டால்? ஆனாலும் செய்வேன். உன் முதல் வருஷத் திதிக்கு இலை போடும்போது அந்தச் சுவரில் நீ உன் நிறத்தில் இருப்பாய். இந்தத் தடவை உன் மகள் கையில் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள். நேற்று எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று திரும்பினாள். முப்பது வருஷத்தில் என்னிடம் யாருமே கேட்காததைக் கேட்டாள்:

"அம்மா என்னைவிட ஜாஸ்தி கருப்பு மாமா. இன்னும் கொஞ்சம் கருப்பா போடுங்க."

உன் கையில் அடித்த சத்தியத்துக்கு இன்னும் கடமைப்பட்டிருக்கிற,
உன் தம்பி