மின்சாரம் ஓடுவதெல்லாம் அவர்களுக்கு

மார்ச் 4, செவ்வாய்

பங்கு பிரித்தாகிவிட்டது. அண்ணன் தம்பி வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புவதுபோல, காலை முழுக்க இயக்குநர் அறையில் உட்கார்ந்து உளவுத்துறையை இரண்டாக்கினோம். ஒரு பக்கம் கருவிப் பிரிவு: ஒட்டுக்கேட்பு, போன், கேமரா, கணினி. மறுபக்கம் ஆட்கள் பிரிவு: ஆளைக் கண்டுபிடிப்பது, பழகுவது, பேசவைப்பது. அதாவது நாங்கள். இயக்குநர் கடைசியில் சலித்துப்போய், “மின்சாரம் ஓடுறதெல்லாம் அவங்களுக்கு, ரத்தம் ஓடுறதெல்லாம் உங்களுக்கு. போதுமா?” என்றார்.

“சட்டைப்பையில போன் வெச்சிருக்கற ஆளு யாருக்கு சார்?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சண்டை ஒன்றே ஒன்றுக்குத்தான். எங்களுக்குத் தகவல் தருபவர்களின் போன் எண்களைக் கருவிப் பிரிவிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டுமாம், தெரியாமல் நம் ஆள்மீதே கை வைத்துவிடக் கூடாதென்று. விடுவேனா? “அங்க நூறு பேர் இருக்காங்க. நூறு வாய். அதுல ஒரு வாய் போதும் என் ஆளு சாகறதுக்கு” என்று மேசையைத் தட்டினேன். ஒரு எண்கூடப் போகாது என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் எங்கள் பிரிவுத் தலைவர், “நீ ஒருத்தி போதும்மா” என்றார். வீடு வந்து சேரும்வரை தலை நிமிர்ந்தே இருந்தது.

தம்பியும் கருவிப் பிரிவுதான். நூறு வாயில் அவனுடையதும் ஒன்று. அவனை நினைத்துத்தான் சொன்னேனோ?

மார்ச் 6, வியாழன்

பிசியோதெரபி கிளினிக். திரை போட்ட கடைசிக் கட்டில். ஓட்டுநருக்கு முதுகுவலி வருவதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? நாங்கள் கண்வைத்திருக்கும் வெளிநாட்டுத் தூதரகத்துக்கு அவர்கள் ஊரிலிருந்தே கூட்டிவந்த ஓட்டுநர். பின்சீட்டில் பேசுவதையெல்லாம் வியாழக்கிழமை என்னிடம் கொண்டுவந்து கொட்டிவிடுவார். போனை மட்டும் குவார்ட்டர்ஸிலேயே சார்ஜரில் போட்டுவிட்டு வருவார். நான் பழக்கியது.

ஏன் செய்கிறார் என்று முதல் வருடமே கேட்டேன். “எங்க அண்ணனை ஒருநாள் காலைல கூட்டிட்டுப் போனாங்கக்கா. திருப்பிக் கொண்டுவந்து விடல” என்றார்.

ஊரில் இருக்கும் மகள் போனில் அவருக்கு விடுகதை போடுவாளாம். அதை அவர் எனக்குப் போடுவார், விடை மறுவாரம். போன வாரத்தது நிழல். நான் பூனை என்று சொல்லியிருந்தேன். “ஆபீஸரெல்லாம் வேற!” என்று முதுகு குலுங்கச் சிரித்தார்.

மார்ச் 13, வியாழன்

வேலையெல்லாம் முடிந்த பிறகு, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “போன் சும்மா இருக்கும்போதே சுடுதுக்கா. பேட்டரி மத்தியானத்துக்குள்ள காலி.”

“பழசாயிருக்கும். மாத்துங்க.”

“மாத்தணும்” என்றார். புது விடுகதை: “கேக்காம உள்ள வரும், சொல்லாமப் போயிடும். தொட்டா சூடு, பிடிச்சா இல்ல. என்ன?”

“வெயில்தானே?” என்றேன். “யோசிங்கக்கா, அவசரம் என்ன?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தம்பிக்கு இங்கேதான். ஆபீஸ் பேச்சு எடுக்கக் கூடாது என்பது சட்டம். இன்று அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏதோ பாராட்டு கிடைக்கப்போகிறதாம்.

“ஒண்ணே ஒண்ணு சொல்றேங்க்கா, பேர் சொல்லல. ஒருத்தன். எந்நேரமும் போனும் கையுமா இருக்கறவன். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் அதை வீட்டுல போட்டுட்டுப் போயிடறான். பொண்டாட்டி கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. யோக்கியன் எவனாவது அப்படிச் செய்வானா? அவன் எதையும் பேசி மாட்டல, பேசாம மாட்டினான்! ரெண்டு வாரமா அவன் போனுக்குள்ளயே குடியிருக்கோம்.”

கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

“என்னக்கா, போடுங்க.”

போட்டேன். சாப்பிட்டான். போய்விட்டான்.

போன் சுடுகிறதென்று வாய்விட்டுச் சொன்னாரே மனுஷன். என் காதில் ஏன் விழவில்லை? போன் என்றால் என் வேலை இல்லை — அவ்வளவுதானே? ஐயோ, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. எப்போதிலிருந்து சுடுகிறது என்று ஒரு வார்த்தை.

மார்ச் 17, திங்கள்

ஆபீஸ் திறக்கும்போதே தலைவர் முன்னால் போய் நின்றேன். ஓட்டுநர் போனுக்குள் கருவிப் பிரிவு வைத்த ஒட்டுக்கேட்பை உடனே எடுக்கச் சொல்லுங்கள், தூதரகத்தில் ஊழியர்களின் போன்களையெல்லாம் வாங்கிச் சோதிப்பார்கள், அவருடைய போன் சுத்தமாக இருந்ததால்தான் இத்தனை வருடம் தப்பித்தார் என்றேன்.

“எடுங்கன்னு சொன்னாலே நம்ம ஆளுன்னு சொன்ன மாதிரிதானே? ஒரு எண்கூடப் போகக் கூடாதுன்னு நின்னது நீதானேம்மா?” குத்திக் காட்டவில்லை. பாவம், அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. விதியைத் தளர்த்த இயக்குநரால்தான் முடியும். அவர் வெளிநாட்டில். புதன்கிழமை வருகிறார். இதைப் போனில் பேச முடியாது.

ஓட்டுநரைக் கூப்பிட்டு எச்சரிக்கலாமென்றால், கூப்பிட இருப்பது அந்தப் போன் ஒன்றுதான்.

சாயங்காலம் தம்பி வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ‘எடுத்துடுடா, எதுவும் கேக்காத’ — இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவனால் தனியாக எடுக்க முடியாது, மேலே சொல்வான், மேலே இருப்பவர் ஏன் என்பார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உளறுகிறவன் வேறு. மணியை அழுத்தாமல் திரும்பிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் ஒன்றுமில்லை. நாளை இயக்குநர் வந்துவிடுவார்.

மார்ச் 19, புதன்

அனுமதி கிடைத்தது. கருவிப் பிரிவுக்குச் சொல்லியாயிற்று. நாளை வியாழன். முதல் வேலையாக அந்தப் போனை ஆற்றில் போடச் சொல்ல வேண்டும்.

மார்ச் 20, வியாழன்

வரவில்லை.

கட்டிலில் புது விரிப்பு போட்டு வைத்திருந்தார்கள். கிளினிக் மூடும்வரை திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பிறகு, வரவேற்பில் இருக்கும் பெண்ணை, நோயாளி வராவிட்டால் வழக்கமாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிடச் சொன்னேன். ஸ்பீக்கரில் வந்தது வேறு குரல். மிகவும் மரியாதையான குரல். “அவர் ஊருக்குப் போயிட்டார். இனிமே வர மாட்டார். நீங்க யார் பேசறது?”

“கிளினிக்ல இருந்து” என்றாள்.

“அவருக்கு என்ன வைத்தியம் பார்த்தீங்க?”

“முதுகுவலிக்கு.”

“அப்படியா” என்று வைத்துவிட்டார்கள்.

மார்ச் 24, திங்கள்

செய்தி உறுதியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை போன் சோதனை. அன்றே இரண்டு பேர் நடுவில் உட்காரவைத்து விமானம் ஏற்றியிருக்கிறார்கள். இறங்கியபின் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய அண்ணனைக் கொண்டுபோன இடம் என்று மட்டும் ஒருவர் சொல்கிறார்.

செவ்வாய்க்கிழமை காலை. நான் தம்பி வாசலில் நின்றது திங்கட்கிழமை சாயங்காலம். மணியை அழுத்தியிருந்தால் ஒரு ராத்திரி கையில் இருந்திருக்கும். ஒரு ராத்திரி போதாதா? போதும். போதும்தான்.

அந்தப் பிள்ளையிடம் அப்பா எங்கே என்று என்ன சொல்லியிருப்பார்கள்?

மார்ச் 27, வியாழன்

போனேன். உட்கார்ந்தேன். வந்தேன்.

மார்ச் 31, திங்கள்

இனி எண்களைக் கருவிப் பிரிவுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று புது உத்தரவு. கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. என் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. என் ஆட்களின் எண்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், ஒன்று குறைவாக.

ஏப்ரல் 3, வியாழன்

சாயங்காலம் கதவைத் தட்டினால் தம்பி. ஞாயிறு வராதவன் வியாழக்கிழமை வந்து நிற்கிறான். சவரம் செய்யவில்லை. பாராட்டை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டானாம்.

“வர்றேன்னு ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா.”

“போனை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேங்க்கா.”

தட்டு வைத்தேன். அவன் கையை வைக்கவில்லை.

“எடுக்கச் சொல்லி உங்க பக்கத்துல இருந்துதான் வந்துச்சு, புதன்கிழமை. அக்கா… அன்னிக்கு நான் சொன்னேனே, வியாழக்கிழமைக்காரன். அவன் உங்க ஆளா?”

பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பதிலுக்கு, “கேக்காம உள்ள வரும், சொல்லாமப் போயிடும். தொட்டா சூடு, பிடிச்சா இல்ல. என்னடா அது?” என்றேன்.

என்னையே பார்த்தான். அவனுக்கும் அந்தக் குரல்கள் பழக்கம்தானே. மகள் அப்பாவுக்குப் போட்டதை இவனும்தான் கேட்டிருப்பான்.

“வெயில்” என்றான். “அந்தப் பொண்ணு விடை சொன்னா. அடுத்த வாரம் ஒருத்தங்ககிட்ட கேக்கணும்னு சொல்லிச் சிரிச்சார்.” சின்ன வயதில் அழுவதுபோலவே, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான்.

நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாப்பாடு ஆறிப்போயிற்று.